குற்ற எண் என்ன?

சனிக்கிழமை இரவு 11.30 மணி இருக்கும். மாடியில் குடியிருக்கும் அக்கா இறங்கி வந்து என் கதவைத் தட்டினார். மகனை இரண்டு பேர் கூட்டிப் போய்விட்டார்கள், மஃப்டியில் இருந்தார்கள், ஸ்டேஷன் என்று மட்டும் சொன்னார்கள், எந்த ஸ்டேஷன் என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது என்றார். பையனுக்கு 19 வயது. இரு சக்கர வாகனம் பழுது பார்க்கும் கடையில் வேலை. செருப்புகூடப் போடாமல் போயிருக்கிறான். அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போனோம். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றார்கள். இன்னொரு நிலையத்துக்குப் போனோம். அங்கே மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “குற்ற எண் என்ன?” வழக்குப் பதிவானதும் நிலையத்தில் அதற்குப் போடும் அந்த எண் கிடைக்குமா என்று கேட்கத்தான் நாங்கள் வந்திருந்தோம். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

அடுத்த பத்து நாட்களில் அந்தக் கேள்வியை நான் கேட்காத ஜன்னல் இல்லை. காவல் நிலைய ரைட்டர் கேட்டார். நீதிமன்றத்தில் நகல் பிரிவு எழுத்தர் கேட்டார். இணையதளம் கேட்டது. ஆள் கிடைத்தால் எண் கிடைக்கும், எண் கிடைத்தால் ஆள் கிடைக்கும் என்று இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. இருபத்தாறு வருடமாகப் பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள் நான். ஒரு பையன் ஓர் இடத்தில் இருந்தால் எங்கோ ஒரு பதிவேட்டில் அவனுக்கு ஒரு வரி இருக்கும் என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால் எந்தப் பதிவேடு, அது யார் மேசையில், அதற்கு என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரிவதற்குள் அக்கா பாதியாகிவிட்டார். இன்னொருவர் அப்படி ஆகவேண்டாமே என்றுதான் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞர் கிடைக்கும்வரை என்ன செய்யலாம் என்பதே இதில் பெரும்பகுதி.

எங்களுக்கு வழி காட்டியவர் ஓர் அண்ணாச்சி. முப்பது வருடம் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “டீச்சர், எண் வேண்டாத இடங்கள் மூன்று இருக்கின்றன. முதலில் அங்கே போங்கள்.”

முதலாவது, கட்டுப்பாட்டு அறை. 1986ஆம் ஆண்டு மேற்கு வங்கத்திலிருந்து டி.கே.பாசு என்பவர், காவல் நிலைய மரணங்கள் பற்றிய பத்திரிகைச் செய்திகளை இணைத்து உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே மனுவானது. 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது, ஒருவரைக் கைது செய்யும் காவலர் பின்பற்ற வேண்டிய 11 கட்டளைகள் அதில் இருந்தன. கடைசிக் கட்டளை இது: கைது செய்த 12 மணி நேரத்துக்குள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போக வேண்டும், அங்கே எல்லோர் கண்ணிலும் படுகிற அறிவிப்புப் பலகையில் அதைப் போட வேண்டும். உறவினர் வேறு மாவட்டத்தில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி மூலம் சொல்ல வேண்டும் என்றும் ஒரு கட்டளை உண்டு. தந்தி 2013இல் செத்துப்போனது. கட்டளை சாகவில்லை.

அந்தப் பலகை பிறகு சட்டத்துக்குள்ளேயே வந்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41-சி என்ற பிரிவாக 2010 முதல் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் (அதன் பெயரை நீதிமன்ற வளாகத்திலேயே பாதிப் பேர் முழுதாகச் சொல்வதில்லை, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா) அது 37ஆம் பிரிவு. இதில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும், உதவி சார்பு ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத ஒருவரை இதற்கென்றே நியமிக்க வேண்டும். கைதானவரின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதை அவர் பராமரிக்க வேண்டும். அந்த விவரம் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். 48ஆம் பிரிவின்படி, கைதுச் செய்தியையும் ஆள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதையும் உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கு உடனே சொல்ல வேண்டும். யாருக்குச் சொன்னோம் என்பதை நிலையத்தில் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். பின்னாளில் எங்களுக்கு மிகவும் உதவியது அந்தப் புத்தகம்தான்.

பலகையை நான் பார்த்தேனா? பார்த்தேன். அதில் போன மாதத்துப் பெயர்கள் இருந்தன, சாக்பீஸ் பாதி அழிந்திருந்தது. ஆனால் அண்ணாச்சி சொன்ன சூத்திரம் வேலை செய்தது. “என் பையன் இங்கே இருக்கிறானா” என்று கேட்டால் இல்லை என்று சொல்வது எளிது. “37ஆம் பிரிவில் இந்த நிலையத்துக்கு நியமிக்கப்பட்ட அலுவலர் யார், அவரைப் பார்க்க வேண்டும்” என்று கேட்டால் பதில் சொல்கிறவர் ஒரு நொடி யோசிக்கிறார். கட்டுப்பாட்டு அறையில் பேசியவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் வாங்கிக்கொண்டு, அரை மணி நேரத்தில் நிலையத்தின் பெயரைச் சொன்னார். நாங்கள் முதலில் போன நிலையம் அது. அங்கேதான் இல்லை என்றார்கள்.

இரண்டாவது இடம், நடுவர் நீதிமன்றம். கைது செய்தவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு. எந்த நிலையம் என்று தெரிந்துவிட்டால் எந்த நடுவர் என்று தெரிந்துவிடும், ஏனெனில் ஒவ்வொரு நிலையத்துக்கும் அதற்குரிய நீதிமன்றம் உண்டு. விடுமுறை நாளானால் நடுவரின் வீட்டிலேயே ஆஜர் செய்வார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நாங்கள் நீதிமன்ற வாசலில் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பையனை வேறொரு தெருவில் நடுவர் வீட்டில் நிறுத்தி ரிமாண்ட் வாங்கிவிட்டார்கள். நாங்கள் செய்த பெரிய பிழை இது. நடுவர் இல்லத்துக்குப் போயிருந்தால் அன்றே பையனைப் பார்த்திருக்கலாம். காசு கொடுத்து வழக்கறிஞர் வைக்க முடியாதவருக்கு ரிமாண்டின்போதே இலவச வழக்கறிஞர் தர மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். அந்த இரவில் எனக்கு இது தெரியாது.

மூன்றாவது இடம், சிறை வாசல். அங்கேயும் குற்ற எண்ணைக் கேட்பார்கள், ஆனால் முதல் கேள்வி அது இல்லை. “பேர் என்ன, தகப்பனார் பேர் என்ன, எப்ப வந்தான், எந்தக் கோர்ட்டு?” தகப்பனார் பெயர் சிறையில் ஒரு சாவி. ஒரே நாளில் நான்கு மணிகண்டன்கள் வந்திருப்பார்கள்.

திங்கள் காலை மத்திய சிறைக்குப் போனோம். பழங்கள், ஒரு லுங்கி, பல்பொடி எல்லாம் அக்கா பையில் இருந்தன. உள்ளே பார்த்துவிட்டு வந்த காவலர், “இங்கே இல்லையம்மா” என்றார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்தக் காவலரே, “வயசு என்ன?” என்று கேட்டார். 19 என்றோம். “அப்ப பார்ஸ்டல்ல இருப்பான். இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?”

பார்ஸ்டல் பள்ளி என்ற பெயரை அதற்குமுன் நான் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளி ஆசிரியை நான். இளைஞர்களை முதிர்ந்த கைதிகளோடு கலக்காமல் தனியே வைக்க 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. 21 வயதுக்குள்ளான பையன்களைப் பெரும்பாலும் அங்கேதான் அனுப்புகிறார்கள். பெண்களுக்குத் தனிச் சிறை. சிறிய வழக்குகளில் ரிமாண்ட் ஆனவர்கள் பக்கத்துக் கிளைச் சிறையில் இருக்கலாம். ஆக ‘ஜெயில்’ என்றதும் பெரிய மதில் சுவரைத் தேடிப் பஸ் ஏறக் கூடாது. நடுவர் போட்ட ரிமாண்ட் உத்தரவோடு ஒரு வாரண்ட் போகும், அதில் எந்தச் சிறை என்று எழுதியிருக்கும். நீதிமன்றத்தில் அதைக் கேட்டுக்கொண்டு கிளம்பினால் ஒரு நாள் மிச்சம். பதினெட்டு வயது நிரம்பாதவன் என்றால் சிறையே கிடையாது. இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும், அந்தப் பதிவுகளை வெளியாருக்குக் காட்டவும் கூடாது.

கைதியைப் பார்ப்பதற்குச் சிறை வாசலில் ‘மனு’ என்று பெயர். “மனு பார்க்க வந்தீர்களா?” என்றுதான் கேட்பார்கள். இப்போது தேசியச் சிறைகள் தகவல் தளத்தில் இ-முலாகாத் என்ற பெயரில் முன்பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. முலாகாத் என்பதைவிட மனு எனக்குப் பிடித்திருக்கிறது. தாய் மகனைப் பார்ப்பதற்கும் விண்ணப்பம்தான் போட வேண்டியிருக்கிறது என்பதை அந்தச் சொல் மறைக்கவில்லை.

அன்று பிற்பகல் பையனைப் பார்த்தோம். அவன் வாயால்தான் குற்ற எண் கிடைத்தது. உள்ளே போகும்போது எழுதியதைப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தான். கணக்கில் தேறாத பையன்.

எண் கிடைத்த பிறகு கதவுகள் திறந்தன. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் நான்கையும் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை வருகிறது. இது கருணையால் வந்த வசதி அல்ல. 2016 செப்டம்பர் 7ஆம் தேதி, இந்திய இளம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், பதிவான 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை சலுகை. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. விலக்கு என்று முடிவு செய்வதற்கும் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத ஒருவர் வேண்டும். இணையத்தில் இல்லையென்றால் குற்றம் சாட்டப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ எழுதிக் கேட்டு, கட்டணம் கட்டி, 24 மணி நேரத்தில் காவல்துறையிடம் நகல் வாங்கலாம். நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாட்கள். அறிக்கையின் ஒரு பிரதி எப்படியும் நடுவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே நிலையத்தில் ‘ஐயா இல்லை, நாளைக்கு வாருங்கள்’ என்று மூன்று முறை சொன்னால் நான்காம் முறை அங்கே போகாமல் நீதிமன்றத்துக்கே போய்விடலாம்.

ஓர் எச்சரிக்கை. முதல் தகவல் அறிக்கையைத் திறந்து பையனின் பெயரைத் தேடினேன், இல்லை. ‘பெயர் விலாசம் தெரியாத நபர்கள்’ என்று மட்டும் இருந்தது. தவறான எண்ணோ என்று ஒரு மணி நேரம் குழம்பினோம். அண்ணாச்சி சிரித்தார். திருட்டு வழக்குகளில் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்கும், பெயர் பிறகு வேறு அறிக்கையில் சேரும். ஆகவே கைதைப் பற்றித் தெரிந்துகொள்ள முதல் தகவல் அறிக்கை மட்டும் போதாது. ரிமாண்ட் அறிக்கையும் கைதுக் குறிப்பாணையும் வேண்டும். இன்னொன்று: புகார் கொடுத்ததும் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதின் எண் வேறு, குற்ற எண் வேறு. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் யாரோ ஒருவரின் ஆடு காணாமற்போன கதை வரும்.

கைதுக் குறிப்பாணையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு பக்கக் காகிதம். கைது செய்த இடம், தேதி, நேரம். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்து. கைதானவரின் கையெழுத்து. டி.கே.பாசு தீர்ப்பில் பிறந்த காகிதம், இப்போது சட்டத்தின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. எங்கள் பையனின் குறிப்பாணையில் கைது நேரம் ஞாயிறு காலை 10.00 என்று இருந்தது. சனி இரவு 11.30க்கும் ஞாயிறு காலை 10 மணிக்கும் இடையில் அவன் எங்கே இருந்தான்? காகிதத்தின்படி எங்கும் இல்லை. அந்தப் பத்தரை மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. 24 மணி நேரக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது புரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. சாட்சிக் கையெழுத்து எங்களுக்குத் தெரியாத ஒருவருடையது. உறவினருக்குத் தகவல் சொன்ன புத்தகத்தில் அக்காவின் பெயரும் ஒரு செல்பேசி எண்ணும் இருந்தன. அக்காவிடம் செல்பேசியே கிடையாது. அந்த ஒரு வரியை எடுத்து வைத்துத்தான் வழக்கறிஞர் ஜாமீன் மனுவில் பேசினார்.

கைதுக்கான காரணத்தை எழுத்து மூலம் தர வேண்டும் என்பதும் இப்போது உறுதியாகிவிட்டது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், எந்தக் குற்றமானாலும் காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும், உடனே முடியாவிட்டால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது தர வேண்டும் என்று சொன்னது. இது எங்கள் சம்பவத்துக்குப் பிறகு வந்தது. இன்றைக்கு ஒருவர் தேடுகிறார் என்றால் கேட்க வேண்டிய காகிதங்களில் இதுவும் ஒன்று.

சிறைக்குள்ளும் காகிதம் இருக்கிறது, அதுவும் மிகப் பழைய வழக்கம். 1894ஆம் ஆண்டுச் சிறைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சிறையில் என்னென்ன பதிவேடுகள் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது: வந்தவர்களின் பதிவேடு, யார் எப்போது விடுதலை என்ற புத்தகம், தண்டனைப் புத்தகம், பார்வையாளர் குறிப்பேடு, கைதியிடமிருந்து வாங்கி வைத்த பணம் பொருள்களின் பதிவு. உள்ளே நுழையும்போது மருத்துவ அலுவலரின் மேற்பார்வையில் உடலைப் பார்த்து, காயமோ தழும்போ இருந்தால் எழுத வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் ஆளை அடையாளம் காணத் தழும்பை எழுதினான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான ஜெயராஜும் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து இறந்தபோது, சிறையில் சேர்த்தபோது எழுதப்பட்ட காயக் குறிப்புகள் நாடெங்கும் பேசப்பட்டன. அந்தக் காவல் நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று விசாரித்த நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத் தெரிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து 18 மாதம், கருவி இல்லாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும். நாங்கள் அனுப்பியது பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு (2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள்). மின்னஞ்சல் போதும் என்று என் மகள் சொன்னாள். தபால்காரர் கொண்டுவந்து தந்த அந்த இளஞ்சிவப்பு அட்டையை நீட்டினால் முகம் மாறுவதை அவள் பார்த்ததில்லை.

சிறைக் காகிதத்தைப் பற்றிப் பேசும்போது என் தாத்தா ஞாபகம் வருகிறது. 1942இல் கைதாகி அலிப்புரம் முகாம் சிறையில் இருந்தவர். அலிப்புரம் பெல்லாரியில் இருக்கிறது. அப்போது சென்னை மாகாணம், இன்றைக்குக் கர்நாடகம். 1972 ஆகஸ்ட் 15இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் கொண்டுவந்தபோது, குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்ததற்கு (பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் அது பிறகு மூன்று மாதமானது) சான்று கேட்டார்கள். சிறைச் சான்று கிடைக்காதவர்கள் கூட இருந்த கைதிகளிடம் சான்று வாங்கினார்கள். தாத்தா தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி எழுதி, பெல்லாரியிலிருந்து ஒரு நீலத்தாள் வரவழைத்தார். சேர்ந்த தேதி, விடுவித்த தேதி, கைதி எண். பாட்டியின் தகரப் பெட்டியில் அது இன்னும் இருக்கிறது. முப்பது வருடம் கழித்து, எல்லை மாறி, மொழி மாறிய ஒரு மாநிலத்திலிருந்து அந்த வரி வந்தது. எங்கள் தெருவிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் நிலையத்தில் முந்தின இரவின் வரி கிடைக்கவில்லை. கைதி எண் என்ற பெட்டியில் தாத்தாவின் எண்ணைப் பார்க்கும்போது, அவரிடமும் யாரோ முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று தோன்றும்.

சிறைச் சான்று இன்றைக்கும் பயன்படும் பொருள். விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது (பழைய சட்டத்தில் 428ஆம் பிரிவு, புதியதில் 468). எத்தனை நாள் என்பதற்குச் சிறைக் கண்காணிப்பாளரின் சான்றே அடிப்படை. வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்துக்கு வரவழைப்பது வழக்கம். ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் ஆள் வெளியே வரவில்லை என்றால், வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு) ஏதும் வந்து கிடக்கிறதா என்று அதே அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

நீதிமன்றத் தளமான இ-கோர்ட்ஸ் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நல்ல வசதிதான். காவல் நிலையமும் குற்ற எண்ணும் ஆண்டும் கொடுத்தால் வழக்கின் நிலை வரும். எண் இல்லாவிட்டால் பெயரைக் கொண்டும் தேடலாம் என்பார்கள். தேடிப் பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்கிறவர் ஒவ்வொருவரும் ஒரு புலவர். ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். தலைப்பெழுத்து முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. எங்கள் பையனின் பெயர் இரண்டு சொல். தளத்தில் ஒரே சொல்லாக, நடுவில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது.

நகல் மனுவும் அப்படியே. வழக்கில் தொடர்புடையவர் கேட்டால் சான்றிட்ட நகல் தருவார்கள். தொடர்பில்லாதவர் ஏன் கேட்கிறார் என்று பிரமாண வாக்குமூலம் போட்டு அனுமதி வாங்க வேண்டும். நான் அண்டை வீட்டுக்காரி, எனவே மனு அக்கா பெயரிலேயே போனது. அவர் கையெழுத்துப் போட ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று நான் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

இவை எதிலும் கிடைக்காதபோது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். சாதாரணமாக 30 நாள். ஒருவருடைய உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும் என்று 7(1) பிரிவிலேயே இருக்கிறது. மனுவின் தலையில் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். கேள்வி கேட்காதீர்கள், நகல் கேளுங்கள். ‘ஏன் கைது செய்தீர்கள்’ என்றால் பதில் வராது. ‘இன்ன தேதி மாலை 6 மணி முதல் மறுநாள் மாலை 6 மணி வரையிலான நிலையப் பொது நாட்குறிப்பின் நகல், 48ஆம் பிரிவுப் பதிவேட்டில் இன்னார் தொடர்பான பக்கத்தின் நகல்’ என்றால் தருவதா மறுப்பதா என்று ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். எனக்கு முதலில் மறுத்தார்கள். விசாரணைக்கு இடையூறு, 8(1)(எச்). இதற்கு 2007 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது: விசாரணை நடக்கிறது என்பது மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது, கேட்ட தகவல் அதை எப்படித் தடுக்கும் என்று காட்ட வேண்டும். வழக்கின் மனுதாரர் பெயர் பகத் சிங். மேல்முறையீட்டில் அந்தப் பெயரை எழுதும்போது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. பதிவேட்டின் பக்கம் வந்தது, பொது நாட்குறிப்பு வரவில்லை.

ஆள் எங்கேயும் இல்லை, கைதே காட்டவில்லை, நாள் ஓடுகிறது என்றால் இவை எதற்கும் காத்திருக்கக் கூடாது. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

இந்தத் தேடலெல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து, பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை மீது ஏதும் வழக்கு இருக்கிறதா என்று “நீங்கள்தான் இதில் கெட்டிக்காரியாயிற்றே, பார்த்துச் சொல்லுங்களேன்” என்றார். எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. அமெரிக்காவின் பல மாவட்டங்களில் இன்றைக்கு உள்ளே போனவர்களின் பெயரும் படமும் ஷெரிஃப் அலுவலகத் தளத்திலேயே கிடைக்கும். அதை எடுத்துப் போட்டு, நீக்கக் காசு கேட்ட தளங்களும் உண்டு. அது இங்கே அந்த அளவுக்கு இல்லை என்பதில் எனக்கு நிம்மதி. கைது என்பது ஒரு காவலரின் சந்தேகம் மட்டும். இங்கேயும் விடுதலையானவரின் பெயர் தீர்ப்புகளில் இணையத்தில் கிடக்கிறது. அதை நீக்கக் கேட்ட ஒருவரின் மனுவை 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார், 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. நான் அவரிடம், தேட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு தாய் கேட்டால் 12 மணி நேரம்கூட அதிகம். சம்பந்தி வீட்டார் கேட்டால் எவ்வளவு தாமதமானாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பையன் 23ஆம் நாள் ஜாமீனில் வந்தான். குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருக்கிறது, வழக்கு நடக்கிறது, அடுத்த வாய்தா வைகாசியில். கடையில் அதே வேலைக்குப் போகிறான். அக்கா வீட்டுக் கதவின் உட்பக்கத்தில், பால் கணக்குக்கு மேலே, கரித்துண்டால் அந்த எண்ணை எழுதி வைத்திருக்கிறார். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார்.